எடை எந்தக் காலில் நிற்கிறது?

வாசகர் கேள்வி – பதில்

அனிமேஷன் பயிலும் மாணவர்களின் ஓவியப் பயிற்சி குறித்தும் பாத்திர வடிவமைப்பு குறித்தும் வந்த கடிதங்களிலிருந்து ஏழு கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்கள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

கோயம்புத்தூரிலிருந்து ஓர் இரண்டாம் ஆண்டு மாணவர்: ஓராண்டாக நாள்தோறும் கைபேசியில் உள்ள புகைப்படங்களைப் பார்த்து மனித உருவங்களை வரைந்து வருகிறேன். முகம், விரல்கள், ஆடை மடிப்பு எல்லாம் அச்சாக வருகின்றன. ஆனாலும் என் ஆசிரியர், உருவம் விறைத்து நிற்கிறது என்றே ஒவ்வொரு முறையும் சொல்கிறார். நான் எதைத் தவறவிடுகிறேன்?

பதில்: உங்கள் ஓவியங்களை நான் பார்த்ததில்லை. எனினும், முகமும் விரலும் சரியாக அமைந்தும் உருவம் விறைத்திருக்கிறது என்றால், நீங்கள் விளிம்பிலிருந்து வரையத் தொடங்குகிறீர்கள் என்றே ஊகிக்கிறேன். தலையின் வெளிக்கோட்டில் ஆரம்பித்து, கழுத்து, தோள், கை என ஓரங்களைப் பின்பற்றிக் கீழே இறங்கும் ஒருவருக்கு, பாதத்தை அடையும்வரை அந்த மனிதர் எப்படி நிற்கிறார் என்ற கேள்வியே எழுவதில்லை. நிற்பது என்பதோ உடல் முழுவதும் ஒரே நேரத்தில் சேர்ந்து செய்கிற வேலை. ஆகவே தாளில் கோடு விழுவதற்கு முன்பே, எடை எந்தக் காலில் இறங்குகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு காலில் எடையை ஊன்றி நிற்பவர் ஒருவரைக் கவனித்துப் பாருங்கள். எடை தாங்கும் காலின் பக்கத்தில் இடுப்பு உயர்கிறது. பெரும்பாலும் அதே பக்கத்துத் தோள் தாழ்கிறது. எதிரெதிரான இந்த இரண்டு சாய்வுகளுக்கும் நடுவில் முதுகெலும்பு வளைந்து கொடுக்கிறது. கழுத்துக்குழியிலிருந்து ஒரு தூக்குநூலைத் தொங்கவிட்டதாக நினைத்துக்கொண்டால், அது எடை தாங்கும் பாதத்தின் மேலோ அதற்கு மிக அருகிலோ விழும். விழவில்லையென்றால் அந்த மனிதர் எதன் மீதாவது சாய்ந்திருக்க வேண்டும், அல்லது அடுத்த கணம் நகர இருக்க வேண்டும். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளில் திரிபங்கம், அதாவது உடல் மூன்று இடங்களில் வளைந்து நிற்பது, என்று நாம் வியக்கும் நிலையும் உடலின் இந்த இயல்பைச் செம்மைப்படுத்திக் காட்டுவதே. எழும்பூர் அருங்காட்சியகத்தின் படிமக் கூடத்தில், திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்பு அரைமணி நேரம் நின்று, தோள் கோட்டையும் இடுப்புக் கோட்டையும் மட்டும் குறித்துக்கொண்டு வந்தாலே இது தெளிவாகிவிடும்.

புகைப்படத்தை அடியோடு ஒதுக்குமாறு நான் சொல்லவில்லை. ஆனால் கைபேசியின் அகன்ற கோண வில்லை, அருகிலிருப்பதைப் பெருக்கியும் தொலைவிலிருப்பதைச் சுருக்கியும் காட்டும். மிக அருகில் நின்று எடுத்த படத்தில் மூக்கும் முன்னே நீட்டிய கையும் பெருத்துத் தெரிவது அதனால்தான். இதைவிட முக்கியமானது, புகைப்படத்தில் உருவம் ஏற்கெனவே தட்டையாகிவிட்டது என்பது. உங்கள் கண் செய்ய வேண்டிய வேலையைக் கேமரா செய்து முடித்துவிட்டதால், மிஞ்சியிருக்கும் விளிம்புகளை மட்டுமே நீங்கள் நகலெடுக்கிறீர்கள். எதிரே நிற்கும் ஆள் மூச்சு விடுகிறார், களைக்கிறார், சில நிமிடங்களில் இடுப்பு சற்றே தளர்கிறது. ஐயம் வந்தால் நீங்கள் எழுந்துபோய்ப் பக்கவாட்டில் நின்று பார்த்துவிட்டு வரலாம்.

பயிற்சியை இவ்வாறு அமைத்துக்கொள்ளலாம். முதலில் 30 நொடியில் ஒன்று என 10 படங்கள். பிறகு ஒரு நிமிடத்தில் ஒன்று என 10. அதன்பின் இரண்டு நிமிடப் படங்கள் 5, ஐந்து நிமிடப் படங்கள் 2, இறுதியில் 20 நிமிடப் படம் ஒன்று. ஒரு மணி நேரத்திற்குள் இது முடிந்துவிடும். 30 நொடியில் முகமோ விரலோ வரைய முடியாது என்பதுதான் அந்த நேர வரம்பின் பயன்: தலையின் சாய்வு, முதுகெலும்பின் வளைவு, இடுப்பின் சாய்வு, எடை இறங்கும் கால் என்ற நான்கைத் தவிர வேறெதற்கும் அங்கே இடமில்லை. நீண்ட நேரப் படத்திலும் இதே நான்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். 20 நிமிடம் கிடைத்துவிட்டது என்று கண்ணிமையிலிருந்து தொடங்கும் மாணவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அவர்களுடைய தாளில் பத்தாவது நிமிடத்தில் ஓர் அழகான முகமும் அதை எங்கே பொருத்துவது என்று தெரியாத ஓர் உடலும் இருக்கும்.

அனிமேஷன் மாணவர் என்பதால் உங்களுக்கு இன்னொரு பயிற்சியும் தேவை. மாதிரியாக நிற்பவரை ஒரு நிமிடம் வரையாமல் பார்க்க வேண்டும். பிறகு திரும்பி உட்கார்ந்து, நினைவிலிருந்து வரைய வேண்டும். முடித்தபின் மீண்டும் பார்த்து, விட்டுப்போனதை வேறு நிறத்தில் குறிக்க வேண்டும். உங்கள் பாத்திரம் ஓடும்போதும் தடுக்கி விழும்போதும் எதிரே நின்று காட்ட யாரும் இருக்கப்போவதில்லை என்பதால், கண்டதை மனத்தில் ஏற்றிக்கொள்ளும் பழக்கத்தை இப்போதே வளர்த்துக்கொள்ளுங்கள்.

சென்னைக்கு வரும்போது மெரினாவில் உள்ள உழைப்பாளர் சிலையையும் வரைந்து பாருங்கள். சென்னைக் கலைக்கல்லூரியின் முதல் இந்திய முதல்வராக 1929இல் பொறுப்பேற்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த இச்சிலை 1959இல் அங்கு நிறுவப்பட்டது. நான்கு மனிதர்கள் ஒரு பெரும்பாறையைப் பெயர்க்க முயல்கிறார்கள். நால்வரின் விசையும் ஒரே பாறையை நோக்கியே செல்கிறது, எனினும் ஒருவர் நிற்பதுபோல் மற்றவர் நிற்கவில்லை. ஒவ்வொருவருக்கும் ஊன்றிய பாதத்திலிருந்து பாறையைத் தொடும் கைவரை ஒரே கோடு மட்டும் போடுங்கள். சுற்றிவந்து நான்கு பக்கங்களிலிருந்தும் அதையே செய்யுங்கள். தசைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மதுரையிலிருந்து ஒரு தந்தை: என் மகள் அனிமேஷன் பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கிறாள். ஆளை நிறுத்திவைத்து வரைவதற்கே வாரத்தில் பல மணி நேரம் செலவாகிறது என்கிறாள். எல்லாவற்றையும் கணினி செய்யும் காலத்தில் இது எதற்கு? ஆடையில்லாத மாதிரிகளை வரையச் சொல்வார்களோ என்ற தயக்கமும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

பதில்: இரண்டாவது தயக்கத்திலிருந்து தொடங்குகிறேன், ஐயா. ஆடையற்ற உடலை வரைவது உலகின் பல கலைக்கல்லூரிகளில் நெடுநாளாக உள்ள பாடம். எலும்பும் தசையும் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பதைக் கற்பதே அதன் நோக்கம். நம் கல்லூரிகளில் நடைமுறை இடத்துக்கு இடம் மாறும் என்பதால், துறைத் தலைவரிடம் நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பதில் தவறேதும் இல்லை. அனிமேஷன் மாணவருக்கு, உடலை ஒட்டிய விளையாட்டு உடையில் நிற்கும் மாதிரியே போதும் என்பது என் கருத்து. கபடி ஆடுபவர்களையும் சிலம்பம் சுற்றுபவர்களையும் விழுப்புரத்தில் மல்லர் கம்பம் பயிலும் சிறுவர்களையும் வரைவதால் கிடைக்கும் உடற்கூற்று அறிவு எந்த வகுப்பறைக்கும் குறைந்ததன்று. மாதிரியாக நிற்பவர் யாராயினும், அவர் கூலிக்கு உழைக்கும் ஒரு தொழிலாளி என்பதை உங்கள் மகள் முதல் நாளிலேயே அறிந்துகொள்ள வேண்டும்: அனுமதியின்றி அவரைப் புகைப்படம் எடுக்கக் கூடாது, 20 நிமிடத்திற்கு ஒருமுறை அவருக்கு ஓய்வு தர வேண்டும், அவர் மீண்டும் அதே இடத்தில் நிற்க உதவியாகப் பாதங்களைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடிட்டு வைக்க வேண்டும்.

முதல் கேள்விக்கு வருகிறேன். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் இருந்த டிஸ்னி நிறுவனம், 1932ஆம் ஆண்டு நவம்பரில், ஷுனார்ட் கலைப்பள்ளியின் ஆசிரியரான டான் கிரஹாமை அழைத்து, தன் ஓவியர்களுக்கு மாலை வேளைகளில் மாதிரிகளை வைத்து வரையும் வகுப்பை நடத்தச் செய்தது. அதற்குச் சற்று முன்பு ஆர்ட் பாபிட் என்ற அனிமேட்டர் தம் வீட்டிலேயே நண்பர்களைக் கூட்டி இதைத் தொடங்கியிருந்தார். அந்த வகுப்புகளுக்கு வந்தவர்கள் ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருந்தவர்கள்; துள்ளும் எலியையும் ரப்பர் குழாய் போல வளையும் கை கால்களையும் அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வரைவார்கள். ஆனால் ஒன்றரை மணி நேரத்துக்கு நெருங்கிய ஒரு கதையில், பார்வையாளர் அழும் அளவுக்கு ஒரு மனிதப் பெண்ணை நம்பவைப்பதற்கு அந்தத் திறன் போதவில்லை. 1937 இறுதியில் அந்நிறுவனத்தின் முதல் முழுநீளப் படம் வெளிவந்தபோது, அதற்குப் பின்னால் ஐந்தாண்டுப் பயிற்சி இருந்தது. மான்குட்டியை நாயகனாகக் கொண்ட 1942ஆம் ஆண்டுப் படத்துக்காக உயிருள்ள மான்குட்டிகளே ஸ்டூடியோவுக்குக் கொண்டுவரப்பட்டன. ரிக்கோ லெப்ரன் என்ற ஓவியர் விலங்குகளின் எலும்பமைப்பைக் கற்பித்தார். அங்கே பணிபுரிந்த கிளேர் வீக்ஸ்தான் பின்னர், 1956இல், மும்பையின் ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து நம் நாட்டு அனிமேட்டர்களுக்குப் பயிற்சி தந்தவர். இந்திய அனிமேஷனின் முன்னோடியான ராம் மோகன் அவரிடம் கற்றவர்.

கணினி வந்ததால் இந்தத் தேவை குறைந்துவிடவில்லை. முப்பரிமாண அனிமேஷனில் ரிக் என்று ஒன்று உண்டு: பாத்திரத்துக்குள் எலும்புகளும் மூட்டுகளும் பொருத்தப்பட்ட கணினிப் பொம்மை. அனிமேட்டர் அதை முக்கியமான சில நிலைகளில் நிறுத்துகிறார். இடைப்பட்ட நிலைகளைக் கணினி நிரப்புகிறது. முதல் நிலையில் இடுப்பின் சாய்வு தவறென்றால், கணினி அந்தத் தவற்றையே மிகத் துல்லியமாக அடுத்த நிலைவரை நீட்டித்துக் கொடுக்கும். எந்த நிலையில் நிறுத்துவது என்ற முடிவை உங்கள் மகள்தான் எடுக்க வேண்டும். அந்த வகுப்பில் அவர் கற்பது அதைத்தான்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு மாணவி: எந்தப் பென்சில், எந்தத் தாள் வாங்குவது? தொடுதிரைப் பலகையில் நேரடியாகப் பழகலாமா?

பதில்: விலை குறைந்த நியூஸ்பிரிண்ட் தாள், ஏ3 அளவில்; கரித்துண்டு, அல்லது 4பி, 6பி பென்சில்; தாளைப் பிடித்துக்கொள்ள ஓர் அட்டையும் இரண்டு கிளிப்புகளும். தாள் மலிவாக இருக்க வேண்டும் என்பதை வலியுறுத்துகிறேன், ஏனெனில் விலையுயர்ந்த தாளில் கை தயங்கும். அழிப்பானை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தொடுதிரைப் பலகையில் பழகுவதில் தடையில்லை. ஆனால் பெரிதாக்கிப் பார்க்கும் வசதியையும் முந்தைய கோட்டை நீக்கும் வசதியையும் விரைவுப் படங்களின்போது பயன்படுத்தாதிருக்கும் மனவுறுதி உங்களுக்கு வேண்டும். சிறிய தாளில் மணிக்கட்டால் வரைவதைவிட, பெரிய தாளில் தோளிலிருந்து கையை வீசி வரையும்போது கோடு நீளமாகவும் தயக்கமின்றியும் வருகிறது என்பதால், முதல் ஆண்டு தாளிலேயே கழிவது நல்லது.

சுவாமிமலையிலிருந்து ஒரு மாணவி: படிமம் வார்க்கும் குடும்பத்தில் பிறந்தவள் நான். என் தாத்தா தென்னை ஓலையை மடித்து அளவு குறித்துத்தான் வேலையைத் தொடங்குவார். அவர் கணக்கில் திருமேனி ஒன்பது தாலம், பத்துத் தாலம். கல்லூரியிலோ மனித உடல் ஏழரைத் தலை, எட்டுத் தலை என்கிறார்கள். எதைப் பின்பற்றுவது?

பதில்: உங்கள் கடிதம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது, அம்மா. இரண்டு கணக்குகளும் மோதுவதுபோல் தோன்றுவதற்குக் காரணம், அவை அளக்கும் அலகு வேறு என்பதே. கல்லூரியில் சொல்லும் தலை என்பது உச்சி முதல் முகவாய் வரையுள்ள முழு உயரம். சிற்ப நூல்களின் தாலம் என்பது முகத்தின் நீளம், அதாவது முடி தொடங்கும் இடத்திலிருந்து முகவாய் வரை. அதைப் பன்னிரண்டு அங்குலமாகப் பகுப்பார்கள். இந்த அங்குலம் கடையில் விற்கும் அளவுகோலின் அங்குலம் அன்று, அந்தந்தத் திருமேனிக்கே உரிய பங்கு. முகம் ஏறக்குறைய தலையின் முக்கால் பங்கு என்பதால், பத்து முகம் என்பது ஏறக்குறைய ஏழரைத் தலையாகும். உங்கள் தாத்தாவின் பத்துத் தால அளவான உத்தம தசதாலமும் கல்லூரி ஆசிரியரின் இயல்பான மனித அளவும் இவ்வாறு வெகு அருகில் வந்துவிடுகின்றன.

கல்லூரிக் கணக்கிலும் சில அளவுகளை மனத்தில் இருத்துங்கள். நேராக நிற்கும் பெரியவரின் உயரத்தில் நடுப்புள்ளி இடுப்பில் அன்று, தொடைகள் பிரியும் இடத்தில் விழுகிறது. கையைத் தொங்கவிட்டால் முழங்கை இடையின் மட்டத்துக்கும், மணிக்கட்டு தொடை தொடங்கும் மட்டத்துக்கும் வரும். உள்ளங்கையை முகத்தில் வைத்தால், முகவாயிலிருந்து நெற்றிமுடி வரை விரல் எட்டும். பாதத்தின் நீளம் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரையுள்ள நீளத்துக்கு நெருங்கியது. பிறந்த குழந்தையின் உயரம் நான்கு தலை. கண்கள் தலையின் உயரத்தில் சரிபாதியில் இருக்கின்றன. நெற்றியும் மண்டையும் அவ்வளவு இடம் பிடிக்கும் என்று நம்பாமல், கண்ணை மேலே ஏற்றி வரைவது எல்லோரும் செய்வது.

ஆனால் பாத்திர வடிவமைப்புக்கு உங்கள் வீட்டில் கிடைத்த செல்வம் வேறொன்று. சிற்ப மரபில் தாலத்தின் எண்ணிக்கையே பாத்திரத்தைச் சொல்லிவிடுகிறது. உயர்ந்த தெய்வங்களுக்குப் பத்துத் தாலம்; பிள்ளையாருக்கு ஐந்து; பூதகணங்களுக்கு நான்கு. ஐந்து தாலப் பிள்ளையாரைப் பத்துத் தாலத்தில் வார்த்தால், தும்பிக்கையும் மோதகமும் இருந்தாலும் நாம் அறிந்த பிள்ளையார் அங்கே இருக்க மாட்டார். குறும்புக்காரச் சிறுவனையும் உயர்ந்து நிற்கும் அரசனையும் குறுகிப்பருத்த காவலனையும் ஒரே படத்தில் வடிவமைக்கும் மாணவர்கள் எல்லோருக்கும் ஒரே உடலைக் கொடுத்து, முகத்தை மட்டும் மாற்றுவதைப் பார்க்கும்போது, அவர்களை உங்கள் தாத்தாவின் பட்டறைக்கு அனுப்பத் தோன்றுகிறது. அவர் ஓலையை மடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு மடிப்பும் உடலின் எந்த இடத்தைக் குறிக்கிறது என்று கேட்டு எழுதிவையுங்கள்.

சென்னையிலிருந்து ஓர் இறுதியாண்டு மாணவர்; இதே பொருளில் சேலம், திருச்சி வாசகர்களும் எழுதியுள்ளனர்: என் பாத்திரங்கள் எல்லாம் ஒரே சாயலில், ஜப்பானிய அனிமே முகங்களாகவே வருகின்றன. ஆளை நேரில் பார்த்து வரையும் லைஃப் டிராயிங் நோட்டில் ஒரு விதமாகவும் பாத்திர வடிவமைப்பில் வேறு விதமாகவும் வரைகிறேன். இரண்டையும் எப்படி இணைப்பது?

பதில்: ஜப்பானியப் பாணியில் குற்றமில்லை. அதை உருவாக்கியவர்கள் தங்கள் தெருவிலும் பள்ளியிலும் பார்த்த மனிதர்களைச் சுருக்கி அந்த வடிவத்துக்கு வந்தார்கள். நீங்கள் அவர்கள் சுருக்கி முடித்ததிலிருந்து தொடங்குகிறீர்கள். கண்ணைப் பெரிதாக்குவதும் மூக்கைப் புள்ளியாக்குவதும் எதிலிருந்து எதை நீக்கி எடுத்த முடிவுகள் என்பது தெரியாதபோது, அந்த முடிவுகளை மாற்றவும் முடிவதில்லை. எல்லா முகங்களும் ஒன்றுபோல் இருப்பதற்குக் காரணம் இதுவே.

உங்கள் இரண்டு நோட்டுகளையும் ஒன்றாக்க ஒரு வழியைச் சொல்கிறேன். நகரப் பேருந்தின் நடத்துநர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நெரிசலான வண்டியில் இரண்டு கைகளுக்கும் வேலை இருப்பதால் அவரால் கம்பியைப் பிடிக்க முடியாது. எனவே இடுப்பை இருக்கையின் விளிம்பில் சாய்த்து, கால்களை அகட்டி ஊன்றி, வண்டியின் குலுக்கலை முழங்காலில் வாங்கிக்கொள்கிறார். தோல்பை தொங்கும் பக்கத்துத் தோள் சற்றே உயர்ந்திருக்கிறது. டிக்கெட் கட்டு ஒரு கையில். சில்லறையைத் தேடும் மற்றொரு கை பைக்குள். கண்ணோ பையையும் பார்ப்பதில்லை, டிக்கெட்டையும் பார்ப்பதில்லை, அடுத்து ஏறுபவரைப் பார்க்கிறது. அவரை ஒரு வாரம் வெவ்வேறு வண்டிகளில், அரை நிமிடப் படங்களாக வரையுங்கள். முகம் வேண்டாம்.

வீட்டுக்கு வந்து அந்தப் பக்கங்களைப் பரப்பிவைத்து, மீண்டும் மீண்டும் வருவது எது என்று தேடுங்கள். அகட்டிய கால்களா, பைக்கு எதிர்ப்பக்கம் சாயும் முதுகா, நீண்டு எட்டிப்பார்க்கும் கழுத்தா? அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை மட்டும் மிகையாக்குங்கள். கழுத்தைத் தேர்ந்தால், கூட்டத்துக்கு மேலே கழுத்தை நீட்டி எல்லோரையும் எண்ணும் மெலிந்த மனிதர் கிடைப்பார். கால்களைத் தேர்ந்தால், வண்டி கவிழ்ந்தாலும் நிலைகுலையாத குட்டையான மனிதர் கிடைப்பார். ஒரே நடத்துநரிடமிருந்து இரு வேறு பாத்திரங்கள். எல்லாவற்றையும் ஒருசேர மிகையாக்கினால் எதுவும் கண்ணில் படாது. வட்டம் என்றால் நல்லவர், சதுரம் என்றால் உறுதியானவர், முக்கோணம் என்றால் வில்லன் என்ற சூத்திரத்தைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். பேச்சுக்கு அது உதவும், ஆனால் அதிலிருந்து தொடங்கியவர்களின் வில்லன்கள் எல்லோரும் உடன்பிறந்தவர்களாகவே இருக்கிறார்கள்.

அடுத்தது நிழலுருச் சோதனை. பாத்திரத்தின் உட்புறம் முழுவதையும் கறுப்பால் நிரப்புங்கள். யார், என்ன செய்கிறார் என்பது அப்போதும் தெரிய வேண்டும். டிக்கெட் கிழிக்கும் கை மார்புக்கு முன்னால் இருந்தால் கறுப்பில் மறைந்துவிடும். அதைப் பக்கவாட்டுக்கு நகர்த்தினால் தெரியும். பூக்காரம்மா முழம் போடும்போது முழங்கை வெளியே நீண்டு நிற்பதால், அந்த நிழலுருவைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பிறகு படத்தின் எல்லாப் பாத்திரங்களையும் ஒரே தரைக்கோட்டில் உயர வரிசைப்படி நிறுத்தி, அதையும் கறுப்பால் நிரப்பிப் பாருங்கள். இரண்டு பேர் ஒன்றுபோல் தெரிந்தால் ஒருவரை மாற்ற வேண்டும்.

அதன் பிறகே மாடல் ஷீட். முன்புறம், முக்கால் பார்வை, பக்கவாட்டு, பின்புறம் என்ற நான்கையும் ஒரே உயரக்கோடுகளுக்குள் வரைய வேண்டும். முன்புறத்தில் அழகாக இருந்த பல பாத்திரங்கள் இங்கேதான் சிக்கிக்கொள்கின்றன: புள்ளியாக இருந்த மூக்கு பக்கவாட்டில் எவ்வளவு நீளும், கொண்டை தலையின் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதை வரைந்தவரே அப்போதுதான் யோசிக்கத் தொடங்குகிறார். டிஸ்னியில் ஜோ கிராண்ட் தலைமையில் இயங்கிய பாத்திர மாதிரித் துறை, முக்கியப் பாத்திரங்களைச் சிறு சிலைகளாகவே செய்து அனிமேட்டர்களின் மேசைக்கு அனுப்பியது இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான். களிமண் நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும். தலையை மட்டுமாவது பிடித்துப் பாருங்கள்.

கையால் வரையும் அனிமேஷனாக இருந்தால் செலவுக் கணக்கும் உண்டு. ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்கள்). ஒவ்வொரு படத்தையும் இரண்டு சட்டங்களுக்கு நீட்டித்தாலும் நொடிக்கு 12 படங்கள். உங்கள் நாயகருக்குக் கட்டம் போட்ட லுங்கி கட்டிவிட்டால், அந்தக் கட்டங்கள் அத்தனையும் ஒவ்வொரு படத்திலும் மடிப்புக்கேற்ப வளைய வேண்டும். கார்ட்டூன் பாத்திரங்கள் பலவற்றுக்குக் கட்டைவிரலோடு சேர்த்து நான்கு விரல்களே இருப்பதன் ரகசியமும் இந்தக் கணக்குத்தான். கரையை மட்டும் வைத்துக்கொண்டு கட்டத்தைக் கைவிடுவதா, கட்டமே அவருடைய அடையாளம் என்று உழைப்பை ஏற்பதா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். நான் கட்டத்தைக் கைவிடுவேன்.

வேலைக்கு அனுப்பும் தொகுப்பில் இறுதி வண்ணப்படங்களை மட்டும் அடுக்க வேண்டாம். பேருந்தில் வரைந்த கிறுக்கல் பக்கத்தையும், அதிலிருந்து பிறந்த பாத்திரத்தையும் எதிரெதிரே வையுங்கள். கணினி சில நொடிகளில் பளபளப்பான முகத்தை உருவாக்கித் தரும் இந்நாளில், நீங்கள் எதைப் பார்த்து எதை நீக்கினீர்கள் என்பதே தேர்வு செய்பவருக்கு உங்களைப் பற்றிச் சொல்லும்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு மாணவி: பொது இடத்தில் வரைந்தால் ஆட்கள் முறைக்கிறார்கள். சிலர் சண்டைக்கும் வருகிறார்கள். என்ன செய்வது?

பதில்: உள்ளங்கையளவு நோட்டு, ஒரு பேனா, ஓரமான இருக்கை. உற்றுப் பார்த்துக்கொண்டே வரைவதுதான் மனிதரைச் சங்கடப்படுத்துகிறது. ஒருமுறை பார்த்து, தலையைக் குனிந்து, நினைவிலிருந்து வரைந்தால் பலர் கவனிக்கவே மாட்டார்கள், உங்கள் நினைவுப் பயிற்சியும் நடந்துவிடும். யாராவது கேட்டால் நோட்டை மூடாதீர்கள், காட்டுங்கள். படிப்புக்காக வரைகிறேன் என்று சொல்லுங்கள். வேண்டாம் என்றால் மன்னிப்புக் கேட்டு நிறுத்திவிடுங்கள். பேருந்து நிலையம், கோயில் பிராகாரம், சந்தை ஆகியவற்றில் ஆட்கள் காத்திருப்பார்கள் அல்லது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள் என்பதால் வரைய ஏற்றவை. தோழி ஒருத்தியோடு போவது எல்லா வகையிலும் நல்லது. மருத்துவமனையிலும் துக்க வீட்டிலும் வரைய வேண்டாம்.

காரைக்குடியிலிருந்து ஒரு மாணவர்: மனிதரை ஓரளவு வரைகிறேன். நாயும் மாடும் வரவில்லை. பின்னங்காலில் முழங்கால் பின்பக்கமாக மடிவது குழப்புகிறது.

பதில்: பின்பக்கமாக மடிவது முழங்கால் அன்று, குதிகால். நாயின் உண்மையான முழங்கால் மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. அது நம்முடையதைப் போலவே முன்பக்கம்தான் மடிகிறது. நாய் விரல்களை ஊன்றி நடக்கிறது, நாம் நுனிக்காலில் நடப்பதுபோல. மாடு இன்னும் ஒரு படி மேலே போய் இரண்டு விரல்களின் நகத்திலேயே நடக்கிறது. குளம்பு என்பது அந்த நகம். உங்கள் நோட்டில் மனிதர் ஒருவரைத் தவழும் நிலையில் நுனிக்கால் ஊன்றி நிற்பதாக வரைந்து, அதே எலும்புகளின் நீளத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் நாயும் மாடும் குதிரையும் ஒவ்வொன்றாகக் கிடைக்கும். முன்பக்கத்தில் தோள்பட்டை எலும்பு மார்புக்கூட்டோடு எலும்பால் இணைக்கப்படவில்லை, தசையே அதைப் பிடித்திருக்கிறது. பூனை பதுங்கி நடக்கும்போது முதுகுக்கு மேல் இரண்டு மேடுகள் மாறி மாறி எழுவதை இதனால்தான் காண்கிறோம்.

நடையின் வரிசையையும் மனத்தில் கொள்ளுங்கள்: இடப் பின்னங்கால், இட முன்னங்கால், வலப் பின்னங்கால், வல முன்னங்கால். பாய்ச்சல் வேறு. ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுகின்றன என்பதை 1878இல் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசைப் புகைப்படங்களால் காட்டினார். அதற்கு முந்தைய ஓவியர்கள் கால்களை முன்னும் பின்னும் நீட்டிப் பறப்பதுபோல் வரைந்திருந்தார்கள், உண்மையிலோ நான்கும் வயிற்றின் கீழ் மடங்கியிருக்கும்போதுதான் அது நிகழ்கிறது.

விலங்குகள் நமக்காக நிற்பதில்லை என்பதால், ஒரே தாளில் ஐந்தாறு படங்களை அரைகுறையாகத் தொடங்கி, அது அதே நிலைக்குத் திரும்பும்போது தொடருங்கள். உங்கள் ஊரில் மாட்டுத் தொழுவத்துக்குக் குறைவிருக்காது. மாலையில் போய் உட்கார்ந்து, படுப்பதையும் எழுவதையும் வரையுங்கள்: மாடு படுக்கும்போது முன்னங்கால்களை முதலில் மடிக்கிறது, எழும்போது பின்பக்கத்தை முதலில் தூக்குகிறது. குதிரை எழும்போது முன்னங்கால்களை முதலில் ஊன்றும். இதை மாற்றி வரைந்த படத்தை மாடு வளர்க்கும் வீட்டுக் குழந்தையே பிடித்துவிடும்.